கடிக்காத காவலுக்கு நன்றி

அன்புள்ள கிடைக்கார அண்ணாச்சிக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். எழுதினால் மறுநாளே குட்டி கேட்டுக் கார்கள் வந்து நிற்கும் என்கிற பயம் நியாயமானதுதான். அதனால் சேரன்மகாதேவிப் பக்கம், பிசான அறுப்பு முடிந்த வயல்களில் ஆடு மடக்குகிறவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நன்றியை நேரில் சொன்னால் நம்மோடு போய்விடும். ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கக் கிளம்புகிற நாலு பேர் படிக்கட்டுமே என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

முதல் நன்றி, கேட்டவுடனே குட்டியைத் தராததற்கு. ஒரு மாதக் குட்டியைப் பெட்டியில் வைத்து விற்கிற காலம் இது. நீங்கள் இரண்டு மாதம் கழியட்டும் என்றீர்கள். “தாய்ட்டயும் கூடப் பொறந்ததுகட்டயும் நல்லாக் கடி வாங்கணும் தம்பி. எம்புட்டுக் கடிச்சா வலிக்கும்னு அப்பதான் அதுக்குப் பிடிபடும், பாத்துக்கிடுங்க.” எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. விதி வருவதற்கு முன்பிருந்தே உங்கள் வழக்கம் அதுதான். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை பழகுகிற உயிர்களைத்தான் நாய்க்குட்டி தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும் என்று ஸ்காட், ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் ஒரு பெரிய நூலே எழுதினார்கள். உங்கள் குட்டிகளுக்கு அந்த வாரங்களில் பெரும்பாலானவை ஆட்டுக்குட்டிகளோடும் பேரப்பிள்ளைகளோடும் கழிகின்றன. ஆட்டின் காலடியில் தூங்கி எழுந்தது ஆட்டைத் தொடாது.

இதே உபாயத்தை வைத்து ஆஸ்திரேலியாவில் பென்குயினைக் காப்பாற்றியிருக்கிறார்கள், தெரியுமா? வார்னம்பூல் என்ற ஊரை ஒட்டிய குட்டித் தீவில் நரிகள் புகுந்து, 2005 வாக்கில் பத்துக்கும் குறைவான பென்குயின்கள்தான் மிஞ்சியிருந்தன. மறு வருடம், இத்தாலியில் ஆட்டு மந்தை காக்கிற மரெம்மா இன நாய்களைக் கொண்டுபோய்க் காவல் வைத்தார்கள். கோழிப் பண்ணையில் பழகிய நாய்க்குப் பென்குயினும் ஒரு கோழிதான் போல! கூட்டம் மறுபடி பெருகியது. நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான் இதைச் சேர்த்தேன்.

நான் உங்களிடம் அதிகம் கடன்பட்டிருப்பது, நீங்கள் தந்த எங்கள் நாய் மறையனின் நிறத்துக்காக. ராஜபாளையம் என்றால் பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, அதற்குத்தான் விலை. நிறம் கலந்து பிறந்த குட்டியைப் பிறந்தன்றே கொன்றுபோட்ட காலமும் உண்டு. ஆனால் வெள்ளையை வெள்ளையோடே சேர்த்துக்கொண்டு போனால் செவிட்டுக் குட்டிகள் விழுகின்றன. தோலுக்கு நிறம் தருகிற அதே வகை உயிரணுக்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே காது அடைந்துவிடும். செவிட்டு நாயைத் தூக்கத்தில் குழந்தை தொட்டால் அது திடுக்கிட்டுத் திரும்பும், பல் பட்டுவிடும். பழி “வெறி பிடித்த சாதி” என்று இனத்தின் மேல் விழும்.

நீங்கள் ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் நின்று ஈயத் தட்டைத் தட்டினீர்கள். திரும்பாத குட்டியை விற்பதில்லை, அதை ஈனவும் விடுவதில்லை. காதோரம் பழுப்பு மறை விழுந்த எங்கள் மறையனை, “இதுக்குக் காது கத்தி மாதிரி” என்று சொல்லி என் கையில் கொடுத்தீர்கள். அவன் தாயை முதலில் காட்டினீர்கள், தடவிப் பார்க்கச் சொன்னீர்கள். அன்னியர் வந்தால் குட்டிகளை மறைத்துக்கொண்டு நிற்கிற, ஆனால் எஜமான் ஒரு சொல் சொன்னதும் தளர்கிற தாய். நாய்க்குட்டிக்கு விலை பேசுகிறவர்களில் தாயைப் பார்க்கக் கேட்கிறவர் எத்தனை பேர்?

2005-இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டது. 2020-இல் பிரதமர் வானொலியில் நம் நாட்டு நாய்களைப் பேர் சொல்லிப் பேசினார். பெருமைதான். கூடவே கிராக்கியும் ஏறியது. அண்ணன் தங்கை என்று பாராமல் சேர்த்துக் குட்டி எடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். உங்கள் பழைய நோட்டில் எந்தப் பெட்டைக்கு எந்தக் கடுவன், அது யாருடைய வீட்டு நாய், அதன் குணம் என்ன என்று பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்த்தபோது, இந்த இனம் பிழைத்துக் கிடப்பது இந்த மாதிரி நோட்டுகளால்தான் என்று தோன்றியது.

நான் இருந்த அன்றைக்கே ஒருவர் வந்தார். அவர் கேட்ட ஒரே கேள்வி, “ஆளைக் கண்டா பாயுமா?” குட்டி இல்லை என்று அனுப்பிவிட்டீர்கள். தாய் பக்கத்திலேயே பால் கொடுத்துக்கொண்டு கிடந்தது! பாய்கிற நாய் காவலுக்கு உதவாது என்பது என் கட்சியும்தான். பகலெல்லாம் சங்கிலியில் கிடந்து பயத்தில் கடிக்கிற நாய்க்கு விருந்தாளியும் திருடனும் ஒன்றுதான். மறையன் பாளையங்கோட்டையில் எங்கள் வாசலில் எழுந்து நின்றாலே போதும், புது ஆள் தெருவிலேயே நின்றுவிடுவார். நாங்கள் வா என்று கூப்பிட்டதும் அவன் ஒதுங்கிப் படுத்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவன் காதைப் பிடித்துக்கொண்டு நடை பழகியது.

ஊசியெல்லாம் தவறாமல் போட்டுவிடுகிறேன். ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி பக்கத்தில் இருப்பது சௌகரியம்.

எதிர்வீட்டு வாத்தியாருக்கும் ஒரு குட்டி வேண்டுமாம். சுற்றுச்சுவர் இருக்கிறது, வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது. கடிக்குமா என்று அவர் கேட்கவில்லை, குழந்தைகளோடு சேருமா என்றுதான் கேட்டார். கிடை அடுத்து எந்த வயலுக்கு மாறுகிறது என்று போனில் சொல்லுங்கள், அவரை அனுப்பிவைக்கிறேன். என்னைக் குடைந்த மாதிரி அவரையும் குடைந்து கேட்டுவிட்டே முடிவு சொல்லுங்கள். சிபாரிசெல்லாம் செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
மறையன் வீட்டுக்காரன்