கொல்லிமலை இறக்கத்தில் ஒரு சைக்கிள்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். காரில் போகிறவர்கள் எண்ணிக்கொண்டே போவார்கள். பாதியில் யாருக்காவது குமட்டல் வந்து கணக்கு தப்பிவிடும். சைக்கிளில் ஏறுகிறவர்களுக்குத் தப்பாது. கணக்கு வைத்துக்கொள்வது தொடை.

மேலே மிளகுக் கொடியும் பலாவும், அறப்பளீஸ்வரர் கோயிலும், ஆயிரம் படிக்குமேல் இறங்கிப் பார்க்கவேண்டிய ஆகாய கங்கை அருவியும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இறக்கத்தைப் பற்றி.

அக்கா மகன் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தான். முந்தைய இரவு மழை. ஒரு வளைவில் சரளை மண் சாலைக்கு வந்திருந்தது. பிரேக் பிடித்தும் நிற்காமல் சைக்கிள் நேராகப் போய்ப் பக்கச்சுவரில் மோதியது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்தவன் ஹேண்டில்பாரைத் திருப்பி நேராக்கிக்கொண்டு, “ஒண்ணும் ஆகல மாமா, போலாம்” என்றான். இன்னும் 30 வளைவுகளுக்குமேல் பாக்கி.

விழுந்த சைக்கிளில் முதலில் கண்ணில் படுவது பெயின்ட் கீறல். பெரும்பாலும் அதனால் ஆபத்தில்லை. சக்கரத்தில் கோட்டம் விழுந்திருந்தால் எந்தக் கடையிலும் எடுத்துவிடலாம். நேருக்கு நேர் மோதினால் அடி ஃபோர்க் வழியாக ஏறி ஃபிரேமின் முன்பக்கத்தில் இறங்கும். அதனால் பக்கவாட்டில் நின்று, ஃபோர்க் பின்னால் தள்ளியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு ஹேண்டில்பார் நுழையும் குழாயோடு சேரும் இரண்டு குழாய்களின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவவேண்டும். அந்த இடம் நின்று பார்த்தால் தெரியாது.

தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுத் தடவினேன். வெல்டிங்கிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, கீழ்க்குழாயின் அடியில் விரல் ஏறி இறங்கியது. துணி மடிப்பு மாதிரி ஒரு சுருக்கம். அதன்மேல் முடி கனத்துக்குப் பெயின்ட் வெடித்திருந்தது.

அவனுடையது அலுமினிய ஃபிரேம். ஸ்டீல் என்றால் பெரும்பாலும் வளைந்து காட்டும்; லேசான வளைவை அனுபவமுள்ளவர் நிமிர்த்தியும் தருவார். அலுமினியம் அப்படி இல்லை. மடங்கிய இடத்தில் விரிசல் வளர்ந்து, ஒருநாள் சொல்லாமல் முறியும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்பக்கம்தான் வரும். “மெதுவா வரேன் மாமா” என்றவனுக்கு வீட்டில் ரொம்ப நாள் கேட்டு வாங்கிய சைக்கிள். கோபம் வரத்தான் செய்யும். வாழைத்தார் ஏற்றி வந்த வண்டியை நிறுத்தி சைக்கிளைப் போட்டோம். அடிவாரம்வரை அவன் பேசவில்லை.

சேந்தமங்கலத்தில் ஒரு பழைய சைக்கிள் கடை. பெரியவர் பின்சக்கரத்தைக் கழற்றினார். அச்சு உட்காரும் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்தார். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. பையன் முகம் மலர்ந்தது. பெரியவர் சுருக்கத்தைத் தடவிப் பார்த்து, “நேரா இருக்குதுங்க தம்பி, ஆனா இதுல ஏறாதீங்க” என்றார். பக்கவாட்டுக் கோணலைத்தான் நூல் காட்டும், விரிசலைக் காட்டாது.

கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சங்கடம். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால், கெட்ட இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்கும். கேட்டால் ஓட்டக்கூடாது. கேட்காவிட்டாலும் பலமான அடி என்றால் ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது.

சக்கரம், செயின், பிரேக் எல்லாவற்றையும் வேறு ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் பெரியவர். ஃபோர்க்கை மட்டும் வேண்டாம் என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார்.