அப்பாவின் துப்பாக்கி சொன்ன உண்மை!

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். அப்பா இறந்து மூன்று மாதங்கள் கழித்து, அவருடைய அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார் அந்தப் பெண். ஐம்பதைத் தாண்டிய வயது. பழைய சட்டைகள், ரசீதுகள், ஓடாத கைக்கடிகாரம்... கடைசி இழுப்பறையில், துண்டில் சுற்றிய ரிவால்வர்.

அவருக்கு அது புதிதல்ல. "என் கொள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போரில் வைத்திருந்தது" என்று அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தவர். 1861 முதல் 1865 வரை நடந்த போர். நவம்பர் மாத நன்றி கூறும் நாள் விருந்துக்கு உறவுகள் கூடும்போதெல்லாம் அந்தத் துப்பாக்கி மேசைக்கு வரும். பிள்ளைகள் கைமாற்றி விளையாடுவார்கள். அப்பா கதை சொல்வார்.

இப்போது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவை. போர்க்காலத்து அசல் கோல்ட் என்றால் ஆயிரக்கணக்கான டாலர் கிடைக்கும். ஆனால், அப்பாவின் நினைவை விற்பதா? இரண்டு வாரங்கள் மனதுக்குள் மல்லுக்கட்டிவிட்டு, பக்கத்து ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவரிடம் எடுத்துப்போனார்.

பெரியவர் விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"உள்ளே மருந்து இருக்கிறதா?"

"இல்லை. இது வெறும் காட்சிப்பொருள்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றவர், குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

இந்த வகை ரிவால்வருக்கு நாம் சினிமாவில் பார்க்கும் தோட்டா கிடையாது. சிலிண்டரில் இருக்கும் ஆறு அறைகளிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை அழுத்த வேண்டும். பின்பக்க முனைகளில் தீபாவளிக் கேப் மாதிரி சின்ன உலோகக் கேப்புகளை மாட்ட வேண்டும். கேப் இல்லையென்றால் துப்பாக்கி காலி என்று நினைத்துவிடுவோம். ஆபத்தே அங்குதான். ஈரம் படாத கருமருந்து எத்தனை வருடங்கள் ஆனாலும் வீரியம் இழப்பதில்லை.

குழலைப் பிடித்திருந்த ஆப்பைத் தட்டிக் கழற்றி, சிலிண்டரை உருவி, விளக்குக்குக் கீழே பிடித்தார் பெரியவர். நான்கு அறைகளில் அடிப்பகுதி தெரிந்தது. இரண்டில் ஈயம்!

அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கியது. எத்தனை விருந்துகளில், எத்தனை குழந்தைகள் அதை ஒருவர்மேல் ஒருவர் நீட்டி விளையாடியிருக்கிறார்கள்!

மருந்தை நனைத்துக் குண்டுகளைப் பத்திரமாக வெளியே எடுத்த பிறகுதான் பெரியவர் மற்றதைப் பேசினார். "வடிவம் கோல்ட் 1851 நேவி. ஆனால், சட்டகம் பித்தளை. கோல்ட் நிறுவனம் இந்த மாடலுக்குப் பித்தளைச் சட்டகம் போட்டதில்லை. போர்க்காலத்தில் தென்மாநிலங்களில் சிலர் பித்தளையில் செய்தார்கள் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். இதன் குழல் அளவு 0.44 அங்குலம். அசல் நேவி 0.36 மட்டும்தான்."

பூதக்கண்ணாடியை நீட்டினார். 'கருமருந்துக்கு மட்டும்' என்ற ஆங்கில வாசகம். அருகே இத்தாலியின் கார்தோனே நகர் பரிசோதனைக் கூடத்தின் முத்திரை. சின்னக் கட்டத்துக்குள் 'ஏபி' என்ற இரண்டு எழுத்துகள். இத்தாலியர்கள் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் முறை அது. 'ஏஏ' என்றால் 1975. 'ஏபி' என்றால் 1976.

அமெரிக்கா தன் 200-வது சுதந்திர தினத்தைக் கொண்டாடிய வருடம். அவர் அப்போது சின்னக் குழந்தை.

"நிலைமையும் சரியில்லை" என்றார் பெரியவர். குழலுக்குள் துருக் குழிகள். கருமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். யாரோ சுட்டுவிட்டு அப்படியே வைத்திருக்கிறார்கள். சிலிண்டர் மோதி மோதிப் பித்தளையில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. சுத்தியலை மெதுவாக இழுத்தால், ஓர் அறை மட்டும் குழலுக்கு நேராக வந்து பூட்டவில்லை. "இதை இனி சுடக் கூடாது. 100 டாலர் கிடைத்தாலே பெரிது."

காரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பணம் போனதற்காகவா, அப்பா பொய் சொன்னதற்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. கொள்ளுத்தாத்தா போருக்குப் போனது நிஜம். ஆனால், அவர் வைத்திருந்த எல்லாமே பழைய வீட்டில் பிடித்த தீயில் போய்விட்டன. பிள்ளைகளிடம் காட்ட அப்பாவின் கையில் எதுவுமே மிஞ்சவில்லை.

கல்லூரிக்குக் கடன் வாங்கினார். துப்பாக்கியை விற்கவில்லை.

அந்த நவம்பரிலும் அது மேசைக்கு வந்தது, சிலிண்டர் கழற்றப்பட்டு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இரண்டு ஈயக் குண்டுகள். "இது இத்தாலியில் செய்தது. தாத்தா எங்கேயோ வாங்கியிருக்கிறார்" என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் முகம் வாடியது.

"இந்தக் குண்டு?" என்று கேட்டாள் மகள்.

"அதுதான் நான் முதலில் சொல்ல வேண்டிய கதை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அம்மா.