மூத்தாப்பாவின் லொறி

எங்கள் வளவின் பின்பக்கம், புளிய மரத்தின் கீழ் மூன்று வருடங்களாக ஒரு லொறி நின்றது. அதன் சாரதி ஆசனத்தில் கோழிகள் முட்டையிட்டன. மூக்கு நீண்ட பழைய பெட்போர்ட் லொறி அது. இங்கிலாந்தில் செய்யப்பட்டு, கப்பலேறி வந்து, சம்மாந்துறை வயல்களின் நெல் மூடைகளைச் சுமந்தே வயதான லொறி. மூத்தாப்பா அதைக் "கிழவன்" என்றுதான் கூப்பிடுவார்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விளைச்சல் குறைந்தது, ஏற்றுவதற்கு நெல் இல்லை. 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. ஒருநாள் வாப்பா லொறியை மரத்தின் கீழ் நிறுத்தி, திறப்பை உம்மாவின் கையில் கொடுத்தார். அந்த வருடக் கடைசியில் மூத்தாப்பா மௌத்தானார். வாப்பா கடன்பட்டுக் கத்தாருக்குப் போனார்.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலத்தில், பழைய இரும்பு எடுக்கும் ஒருவர் வந்து லொறியைச் சுற்றிப் பார்த்தார். நிறைக்குத்தான் விலை சொன்னார். உம்மா வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தா.

"ஓடுற லொறிக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை. ஓடிச்சிண்டா என்ட கடன்ல பாதி தீரும். ஒரு மாசம் பாருங்க. இல்லாட்டிக் குடுத்துருவம்" என்றார் வாப்பா.

காக்காவும் நானும் அந்த ஒரு மாதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

செய்தி தேநீர்க்கடை வரை போனது. ஆலோசனைகள் வந்து குவிந்தன. "பம்ப மாத்துங்க" என்றார் ஒருவர். "புது என்ஜின் போடுங்க" என்றார் இன்னொருவர். "கியரில போட்டு டிரக்டரால இழுங்க, தானா ஓடும்" என்பதுதான் எல்லோருக்கும் பிடித்த ஆலோசனை. காக்கா டிரக்டருக்கும் சொல்லிவிட்டான்.

அன்று காலையில்தான் அம்பாறையிலிருந்து பஸ் ஏறி அந்தப் பெரியவர் வந்தார். மூத்தாப்பாவின் சிநேகிதர், அந்த லொறியை நெடுங்காலம் திருத்திய சிங்கள மெக்கானிக். நாங்கள் 'பாஸ்' என்றே கூப்பிடுவோம். இப்போது அவருடைய கைகள் நடுங்கும். ஸ்பனர் பிடிக்க முடியாது. புளிய மர நிழலில் கதிரை போட்டு அமர்ந்து, ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"கையால சுத்திப் பாத்ததா?"

நாங்கள் விழித்தோம். பாஸ் தமது தமிழில் விளக்கினார். மழைத் தண்ணீர் புகைக்குழாய் வழியாக சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் டிரக்டர் இழுத்தால் பிஸ்டன் தண்ணீரில் மோதி, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அதன்பின் அது இரும்புதான்.

காக்கா டிரக்டரைத் திருப்பி அனுப்பினான்.

"எனக்குக் கை இல்ல, துவ. உன்ட கை தா" என்றார் பாஸ். 'துவ' என்றால் சிங்களத்தில் மகள். உம்மா குசினி வாசலில் நின்று, "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குகா இந்த வேலை?" என்றா. ஆனாலும் தடுக்கவில்லை. காக்காவின் கை நுழையாத இடங்களில் என் கை நுழைந்தது.

ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றினோம். ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் ஒயில் ஊற்றி இரண்டு நாட்கள் விட்டோம். மூன்றாம் நாள், என்ஜினின் முன்பக்கப் புலியில் நீண்ட ஸ்பனரை மாட்டித் தள்ளினோம். அசையவில்லை. "ஹெமின், ஹெமின்" என்றார் பாஸ். மெதுவாக, மெதுவாக. முன்னும் பின்னுமாக ஒரு நூலளவு அசைந்தது. பிறகு ஒரு விரலளவு. முழுச் சுற்று வந்தபோது, நாலாவது துளையிலிருந்து துருப்பிடித்த தண்ணீர் பீறிட்டுக் காக்காவின் சட்டையில் அடித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எதுவும் பேசவில்லை.

பிறகு தாங்கியை இறக்கினோம். அடியில் கறுப்புப் பசை போன்ற கழிவும் தண்ணீரும். கழுவினோம். பில்டர், ஒயில் எல்லாம் புதிது. காற்று பில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தது.

டீசல் என்ஜினில் பொறி தட்டும் பிளக் கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தேன். சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கினால் அதன் வெப்பம் 500 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானாகப் பற்றும். ஆனால் டீசல் வரும் குழாயில் காற்றுக்குமிழி இருந்தால், பம்ப் குமிழியைத்தான் அமுக்கும், டீசல் தூவப்படாது. ஆகவே குழாயிலிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். பில்டரின் மேலுள்ள ஆணியைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்த பிறகுதான் ஆணியை இறுக்க வேண்டும்.

அந்த வேலை என்னுடையது. நெடுநேரம் அடித்தேன். கை வலித்தது. நுரை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

"நுரை நின்னதா?" என்று கதிரையிலிருந்து கேட்டார் பாஸ்.

"நின்னுட்டு" என்றேன்.

இரவல் வாங்கிய பற்றரியால் என்ஜினைச் சுற்றினோம். சுற்றியது, பற்றவில்லை. மறுபடியும் சுற்றினோம். பற்றரி களைத்துப்போகும் வரை சுற்றினோம். "பம்ப்தான் போயிட்டு. அவ்வளவு காசுக்கு எங்க போற?" என்று காக்கா தரையில் உட்கார்ந்தான். உம்மா தன் காப்பைத் தடவியபடி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. நான் பாஸின் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நுரை நிக்கல்ல. நான் பொய் சொன்னன்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப பம்ப் நல்லம்!" என்றார். "நுரை நிக்காட்டி எங்கேயோ காத்து உள்ள போகுது. தாங்கியிலிருந்து வாற குழாயைப் பாரு. அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய ஒழுகாது. காத்தை உள்ள உறிஞ்சும்."

கைப்பம்போடு அந்தக் குழாய் சேரும் இடத்தில் ஒரு செப்பு வாசர் நசுங்கிக் கிடந்தது. அதைப் பழையபடியே போட்டு இறுக்கியவளும் நான்தான். புதிது வாங்கக் கடை பூட்டியிருந்தது, அன்று வெள்ளிக்கிழமை. பாஸ் வழி சொன்னார். செப்பைச் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகிவிடும். புதிது போலவே பொருந்தும். உம்மாதான் குறடால் அந்த வாசரைக் காஸ் அடுப்பில் பிடித்தா. சிவந்ததும் கோப்பைத் தண்ணீரில் போட்டா. 'சுர்' என்றது. "இதுவும் சமையல் மாதிரித்தான் இரிக்கி" என்றா.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். நுரை வந்தது, குறைந்தது, நின்றது. தெளிந்த டீசல் என் விரலில் வழிந்தபோது பாஸ் கேட்கவில்லை, நானே சொன்னேன். முதலில் நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, ஒயில் அமுக்கமானியின் முள் அசையும் வரை சுற்றினோம். பிறகு கம்பியை விட்டோம். காக்கா பிஸ்மி சொல்லித் திறப்பைத் திருப்பினான்.

ஒரு இருமல். வெள்ளைப் புகை. இன்னொரு இருமல். பிறகு ஒன்று, மூன்று, ஆறு சிலிண்டர்களும் சேர்ந்துகொண்டன. கோழிகள் பறந்தன. புளிய மரத்தில் பூ உதிர்ந்தது. பாஸ் எழுந்து வந்து, நடுங்கும் கையை மட்காட்டின் மேல் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். அவருடைய கையோடு லொறியும் நடுங்கியது.

உம்மா தொலைபேசியை என்ஜினுக்குப் பக்கத்தில் நீட்டினா. கத்தாரில் வாப்பா நெடுநேரம் எதுவும் பேசவில்லை. கடைசியில், "வாப்பாட சத்தம் கேட்ட மாதிரி இரிக்கி" என்றார்.

லொறியை விற்றுவிட்டோம். செங்கல் சூளை வைத்திருக்கும் ஒருவர் ஓடுகிற லொறியின் விலைக்கே வாங்கினார். வாப்பாவின் கடனில் பாதி தீர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். பெறுபேறு வந்த பிறகு நான் உயர்தரத்துக்குப் பொறியியல் தொழினுட்பவியலைத் தெரிவு செய்தேன். "என்னத்துக்குகா?" என்று இம்முறை உம்மா கேட்கவில்லை.

நல்ல ஆலோசனை கிடைப்பது பெரிய பாக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்பவர் உள்ளதை உள்ளபடி சொல்லாவிட்டால் நாற்பது வருட அனுபவமும் உதவாது என்பதை எனக்கு அந்த நுரைதான் கற்றுத்தந்தது. இப்போது வகுப்பில் "விளங்கினதா?" என்று ஆசிரியை கேட்டால், விளங்காதபோது விளங்கவில்லை என்று கையை உயர்த்துகிறேன்.

சில பகல்களில் கிழவன் செங்கல் ஏற்றிக்கொண்டு எங்கள் கல்லூரி வீதியால் போகும். ஜன்னலால் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. சத்தத்திலேயே தெரியும்.