ஏரித் தண்ணீரே எங்களுக்கு உரம்

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், ‘நடவு வயலில் நாரைகள் இறங்கி நாற்றை மிதிக்கின்றன. வெடி போட்டு விரட்டலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைப் படித்ததும் என் மாமியார் ஞாபகம்தான் வந்தது. நான் வாழ்க்கைப்பட்ட ஊர், செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் பக்கத்திலுள்ள வேடந்தாங்கல்.

எங்கள் பக்கம் ‘தாங்கல்’ என்றால் சின்ன ஏரி. வேடர்கள் இருந்த இடம் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். ஆனால், வேட்டையே கூடாது என்று பேர் வாங்கிய ஊர் இது. ஏரி சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறியதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் வந்துவிடும். தண்ணீருக்குள் நிற்கும் கடப்பை மரத்திலும் கருவேல மரத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம், நவரைப் பட்டம். பிறந்த ஊரில் நடவு முடிந்த கையோடு யூரியாவுக்குத்தான் ஓடுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மூட்டை வாங்கி வைத்தேன்.

“வேணாம்மா, நம்ம ஏரித் தண்ணியிலயே சத்து இருக்கு. பறவை எச்சம் விழுந்த தண்ணி” என்றார் அத்தை.

“எச்சத்துல எங்க அத்தை நெல்லு வெளையும்?” என்று சிரித்தேன்.

ஒரு ஏக்கரில் பாதிக்கு மட்டும் என் இஷ்டப்படி 2 தடவை யூரியா தூவினேன். பயிர் கருகருவென்று ஏறியது. பார்க்க ஆசையாக இருந்தது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் குலைநோய் வந்தது. ஒரு காற்றுக்கு மொத்தமும் சாய்ந்தது. யூரியா போடாத பாதி நிமிர்ந்து நின்றது. அத்தை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. சேற்றில் படுத்த கதிரை என்னோடு சேர்ந்து குனிந்து அறுத்தார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து, மதகு வழியாகத் தழைச்சத்தாக வயலுக்கு வருகிறது. அதற்கு மேல் நான் போட்டதெல்லாம் அதிகம்.

இந்தக் கணக்கு ஊருக்குப் பல தலைமுறையாகத் தெரியும். கும்பெனி காலத்தில் வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட, ஊரார் முறையிட்டார்கள். 1798-ல் அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸ், இங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று கவுல் கொடுத்தார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972-ல்தான். அதற்கு 174 வருஷம் முன்பே விவசாயிகள் கேட்டு வாங்கிய உத்தரவு இது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆனால், உத்தரவு மட்டும் பறவையைக் காப்பாற்றாது. தீபாவளிக்கு இங்கே வெடிச் சத்தம் கேட்காது. பிள்ளைகள் மத்தாப்போடு சரி. என் மகன் சின்ன வயதில் ஒருமுறை அடம்பிடித்து அழுதான். அத்தை அவனைக் கரைக்குக் கூட்டிப்போய்க் கூட்டில் உட்கார்ந்திருந்த நாரையைக் காட்டினார். “நீ வெடி வெச்சா அது எந்திரிச்சுப் பறந்துடும். முட்டையைக் காக்கா கொண்டு போயிடும்டா” என்றார். அழுகை நின்றது.

அந்த மகன்தான் இப்போது பயிர் வைக்கிறான். போன நவரையில் இலைச்சுருட்டுப் புழு கண்டது. கடையில் சொன்ன மருந்தை வாங்கி வந்துவிட்டான். “ஏரியில குஞ்சு இருக்குதுடா. தாய்ப்பறவை நம்ம வயல்லதான் இரை பொறுக்குது” என்றேன். “நாம ஒருத்தர் அடிக்காம இருந்தா போதுமாம்மா?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். 74 ஏக்கர் ஏரி அத்தனை பறவைக்கும் இரை போட முடியாது. அவை பல மைல் சுற்றிப் பறந்து, மற்ற ஊர் வயல்களிலும் ஏரிகளிலும் மேய்ந்துவிட்டு வருகின்றன.

இருந்தும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தான். 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டினோம். ஏக்கருக்கு 200 லிட்டராகக் கலந்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, சாயங்காலத்தில் தெளித்தோம். புழு குறைந்தது. முழுசாகப் போகவில்லை. முந்தின வருஷத்தைவிட ஏக்கருக்கு 2 மூட்டை குறைவுதான். அதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

மழை பொய்த்த வருஷங்களில் ஏரி வெடித்துக் கிடக்கும், மரங்கள் மொட்டையாக நிற்கும். அப்போது ஊரே எதையோ பறிகொடுத்ததுபோல இருக்கும். அதைப் பார்த்தவர்களுக்கு 2 மூட்டை பெரிதாகத் தெரியாது.

கேள்வி கேட்ட சகோதரருக்கு இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். நாற்று வேர் பிடிக்கும் வரை வரப்பில் ஒரு ஆள் நின்று கை தட்டுங்கள், போதும். அதன்பிறகு விட்டுவிடுங்கள். நத்தையையும் நண்டையும் அது பொறுக்கட்டும். உங்கள் வயலில் மேயும் அந்த நாரை, ஒருவேளை எங்கள் ஏரியில் கூடு கட்டியதாகக்கூட இருக்கலாம்.