இருவருக்கு நடுவில் வரும் பந்து

நல்ல சேர்விஸ் எந்தப் பிள்ளையையும் பார்த்து வராது; இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் வரும். கரப்பந்து தெரிந்த எதிரணி முதலில் தேடுவது அந்த இடைவெளியைத்தான். இடப்பக்கத்தாள் எடுப்பாள் என்று வலப்பக்கத்தாள் நிற்பாள். அது அவளுடைய பந்து, நான் ஏன் குறுக்கே போவான் என்று இடப்பக்கத்தாள் நிற்பாள். இரண்டு பேருக்கும் எடுக்கத் தெரியும். இரண்டு பேரும் அடக்கமான பிள்ளைகள். பந்து நிலத்தில் விழும், நடுவர் கையைக் காட்டுவார். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வெட்கத்தோடு சிரிப்பார்கள்.

நான் விளையாட்டாசிரியை அல்ல, தமிழ் படிப்பித்தவள். ஆனால் புல்மோட்டையிலிருந்து பெண்பிள்ளைகளைப் போட்டிக்குக் கொண்டுபோவதென்றால் கூட ஒரு டீச்சர் போயாக வேண்டும். இல்லாவிட்டால் எந்த வாப்பாவும் அனுப்பமாட்டார். அப்படிப் போய்ப் போய்த்தான் வாங்கில் இருந்தபடி இந்த விளையாட்டைப் பழகினேன். கோட்ட மட்டம், வலய மட்டம், வென்றால் மாகாண மட்டம், அதற்கு மேல் அகில இலங்கை. திருகோணமலை ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகம். சுபஹ் தொழுதுவிட்டு ஏறினால் புடவைக்கட்டு, குச்சவெளி, இறக்கக்கண்டிப் பாலம், நிலாவெளி என்று வான் போகும். மக்கெய்சர் மைதானத்தில் இறங்கும்போது பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி எடுத்த முகம். அங்கே கந்தளாய், கோமரங்கடவலப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் ஏற்கெனவே வட்டமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடத்தில் நான் முதலில் கவனித்தது உயரத்தையோ அடியையோ அல்ல, சத்தத்தை. ஒரு பந்து வானத்துக்கு எழும்பினால் உடனே ஒரு குரல் எழும்பும். எங்கள் பக்கத்தில் ஆறு பேர் நின்றும் ஆள் அரவமே இராது.

1991இல் கரப்பந்தை நாட்டின் தேசிய விளையாட்டாக்கினார்கள் என்பது எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தெரியாது. கேட்டால் கிரிக்கெட் என்பார்கள். 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் வோல்ட்டர் கமெக் இதை இங்கே கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1895இல் வில்லியம் மோர்கன் இதைக் கண்டுபிடித்ததே, கூடைப்பந்தின் முட்டுமோதல் தாங்காத நடுத்தர வயது வியாபாரிகளுக்காகத்தான். நடுவில் நெற் இருப்பதால் எதிராளியோடு முட்டுப்பட வேண்டியதில்லை. எங்கள் ஊர் உம்மாமார் இந்த விளையாட்டுக்குச் சம்மதிப்பதற்கும் அதுதான் காரணமென்று நினைக்கிறேன். பெண்களுக்குப் பந்தும் மைதானமும் ஆண்களுடையவையேதான். நெற் மட்டும் 2.43 மீற்றரிலிருந்து 2.24க்கு இறங்கும். வேறு சலுகை கிடையாது.

முன்பென்றால் பந்து விழுந்தாலும் அவ்வளவு நட்டமில்லை. சேர்விஸ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி; மற்ற அணி வென்றால் சேர்விஸ் மட்டும் கை மாறும். 1990களின் கடைசியில் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது யார் சேர்விஸ் போட்டாலும் விழுந்த பந்துக்கு ஒரு புள்ளி. 25இல் செற் முடிந்துவிடும். மரியாதைக்காக விட்ட நாலு பந்து ஒரு செற்றையே கொண்டுபோய்விடும்.

பெண்பிள்ளைக்கு நடக்கப் பழக்கும்போதே நாங்கள் விட்டுக்கொடுக்கவும் பழக்கிவிடுகிறோம். கடைசி மீன்துண்டை நானாவுக்கு வை. சத்தம் போடாதே. முந்திக்கொண்டு நிற்காதே. இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. விட்டுக்கொடுப்பு இல்லாத வீட்டில் ஒரு நாள் இருக்க ஏலாது. ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டியது பங்கை, வேலையை அல்ல. மீன்துண்டை விட்டுக்கொடுத்தால் இன்னொருத்தர் சாப்பிடுவார். விழப்போகிற பந்தை விட்டுக்கொடுத்தால் அது விழும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே குணமென்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம்.

பந்தைக் கேட்கிறவள் சொத்துக் கேட்கவில்லை. கரப்பந்தில் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒருத்திக்கும் உரிமை கிடையாது. பிடித்தால் தவறு. ஒருத்தியே அடுத்தடுத்து இரண்டு தரம் தொட்டாலும் தவறு. மூன்று தொடுகைக்குள் அந்தப் பக்கம் அனுப்பியாக வேண்டும். அப்படியிருக்க “என்ட, என்ட” என்று கத்துகிறவள் கேட்டு வாங்குவது பாரத்தைத்தான். அதைப் பேராசையாகப் பார்க்கிற கண் எங்களுடையது.

எங்கள் பிள்ளைகளைப் பழக்கிய சேர் ஒருவர், முதல் கிழமை பந்தையே வெளியே எடுக்கவில்லை. வரிசையில் நிற்க வைத்துக் கத்தச் சொன்னார். மதரசாவில் ஓதும்போது மைக் இல்லாமல் நாலு வீட்டுக்குக் கேட்கிற பிள்ளையின் குரல் மைதானத்தில் காணாமல் போனது. வேலிக்கு வெளியே பெடியன்கள் வந்து நின்றால் இன்னும் இறங்கியது. அவர் கோபிக்கவில்லை. ஒரு சட்டம் மட்டும் போட்டார்: கேட்டுவிட்டுத் தவறவிட்டவளை ஒருவரும் ஒன்றும் சொல்லக்கூடாது, கேள்வி எல்லாம் பேசாமல் நின்றவளிடம்தான். என் வகுப்பறை வாழ்க்கை முழுவதிலும் இவ்வளவு நேர்மையான சட்டத்தை நான் கண்டதில்லை. முயன்று தவறியவளை ஊரே பார்க்கிறது; சும்மா நின்றவள் எப்போதும் நல்ல பிள்ளையாகத் தப்பிவிடுகிறாள். பிறகு யார்தான் வாய் திறப்பாள்?

கத்த வந்தாலும் விழப் பயம் இருக்கும். தூரத்துப் பந்தைக் கேட்டால் பாய வேண்டும். பாய்ந்தால் விழ வேண்டும். 1964இல் தோக்கியோவில்தான் கரப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்கள் பிரிவில் சோவியத் அணியை 3-0 என்று வென்று தங்கம் எடுத்த ஜப்பானிய அணியில் பெரும்பாலானவர்கள் ஒசாக்காப் பக்கத்தில் கைசுக்கா என்ற இடத்து நூல் ஆலைப் பெண்கள். பகலில் வேலை, பின்னேரம் தொடங்கினால் நள்ளிரவு வரைக்கும் பயிற்சி. அவர்களுடைய பயிற்றுநர் டைமட்சு, பாய்ந்து விழுந்து அப்படியே உருண்டு எழும்பி நிற்கிற ஒரு முறையைப் பழக்கினார். அவர் அவர்களை நடத்திய கடுமையை நான் மெச்சமாட்டேன். என் பேத்திக்கு அப்படி ஒரு வாத்தியார் வேண்டாம். ஆனால் அந்த உருளலில் ஒரு புத்தி இருக்கிறது. விழுவது திட்டத்தில் சேர்ந்துவிட்டால் விழுந்தது அவமானமாகாது. 1962 உலகப் போட்டியிலேயே வென்றுவிட்டு விளையாட்டை விட நினைத்த தலைவி கசாய் மசாயே, இன்னும் இரண்டு வருடம் நின்று இந்தத் தங்கத்தை எடுத்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஓ.எல். முடிந்தவுடனேயே பிள்ளை பெரிதாகிவிட்டாள் என்று நிறுத்துகிறோம்.

எங்கள் பாடசாலை மைதானங்களில் உருள ஏலாது. கிரவல் நிலம், முழங்கால் தோல் போய்விடும். அந்த சேர் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். மணலுக்கு எங்களுக்கு என்ன குறை? இல்மனைற்றும் றூட்டைலும் சேர்க்கோனும் கலந்த கறுப்பு மணல். 1957இல் இதற்கென்றே ஒரு கூட்டுத்தாபனம் அமைத்து, பிறகு கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். உலகத்தின் வெள்ளைப் பெயின்றுக்கு உயிர் கொடுக்கிற தைத்தேனியம் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கறுப்பை அனுப்பிவிட்டு வெள்ளையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அது வேறு கதை. மத்தியானத்தில் அந்த மணலில் கால் வைக்க முடியாது. அஸருக்குப் பிறகு பிள்ளைகள் விழுந்து எழும்பிப் பழகினார்கள். நீள்கை ஜேர்சி, நீளக் காற்சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய ஸ்கார்ப். உடுப்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 2016இல் றியோ ஒலிம்பிக் கடற்கரைக் கரப்பந்தில் எகிப்தின் டோஆ எல்கோபாஷி தலையை மூடிக்கொண்டுதான் விளையாடினார், சர்வதேசச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அதற்கு மேல் இந்தப் பேச்சை நீட்ட எனக்கு விருப்பமில்லை. உடுப்பைப் பற்றி ஊர் பேசுகிற நேரத்தில் பாதியை முழங்கால் உறை வாங்குவதைப் பற்றிப் பேசினால் பிரயோசனம்.

இவ்வளவையும் விளையாட்டுக்காக மட்டும் நான் சொல்லவில்லை. ஜனாஸா வீட்டில் எங்கள் ஆட்களைப் பாருங்கள். செய்தி கேட்ட அரை மணித்தியாலத்துக்குள் கபன் துணிக்கு ஒருத்தர், கபுறு வெட்ட நாலு பேர், வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல ஒருத்தர், அடுத்த வீட்டில் சாப்பாடு. “நான் போறன்” என்று குரல் வந்துகொண்டே இருக்கும். 2004 சுனாமி வந்த அன்றும் இப்படித்தான். 2009 மார்ச்சில் இந்திய வைத்தியக் குழு எங்கள் ஊரில் அவசர ஆஸ்பத்திரி போட்டு, புதுமாத்தளன் பக்கத்திலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் யுத்தத்தில் காயப்பட்டவர்கள் வந்திறங்கிய நாட்களிலும் யாருடைய வேலை என்று கேட்டுக்கொண்டு நிற்க நேரமிருக்கவில்லை. பெரிய ஆபத்தில் நாங்கள் பந்தை விடுவதில்லை. விடுவது சாதாரண நாளில்தான்.

வாப்பா மௌத்தாகி, இத்தாவும் முடிந்து, தனித்துப்போன உம்மா யார் வீட்டில் இருப்பது என்று வரும்போது பாருங்கள். மூத்த மகள், தங்கச்சி வீடுதான் உம்மாவுக்குப் பழக்கம் என்பாள். தங்கச்சி, ராத்தா இருக்கும்போது நான் முந்துவது சரியில்லை என்பாள். ஆண்மக்கள், பெண்பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று இருப்பார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவரை மதித்துத்தான் பின்னால் நிற்கிறார்கள். உம்மா அந்த நடு இடத்தில் இருக்கிறா, பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டு. இப்படி எத்தனை வீட்டில் கண்டிருக்கிறேன். கெட்ட பிள்ளைகளால் கைவிடப்பட்ட தாய்மாரைவிட, நல்ல பிள்ளைகளுக்கு நடுவில் விழுந்த தாய்மாரே என் கண்ணுக்கு அதிகம் பட்டிருக்கிறார்கள்.

கேட்கிறவளுக்கு ஒரு வேலையென்றால் மற்ற ஐந்து பேருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதைப் பிள்ளைகளைவிட நாங்கள்தான் பழக வேண்டும். 1998க்குப் பிறகு அணியில் லிபரோ என்று ஒருத்தி உண்டு. அவளுக்கு மட்டும் வேறு நிற ஜேர்சி. பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பதுதான் வேலை. நெற்றுக்கு மேலே அடிக்கவோ தடுக்கவோ கூடாது. உயரமில்லாத பிள்ளைக்கு அல்லாஹ் திறந்த கதவு என்று நினைத்துக்கொள்வேன். வலய மட்டப் போட்டி ஒன்றில் எங்கள் லிபரோ ஒன்பதாம் வகுப்புச் சின்னப்பிள்ளை, தலைவி ஏ.எல். படிக்கிற நெடுத்த பிள்ளை. இருவருக்கும் நடுவில் பந்து வந்தது. சின்னவள் கத்தினாள். பெரியவள் கை நீட்டிப் பாதி தூரம் வந்துவிட்டாள். தொட்டிருந்தால் நன்றாகவே எடுத்திருப்பாள். நின்றாள். விலகினாள். விலகினதோடு விடாமல், சின்னவளின் கையிலிருந்து பந்து பிசகினால் எடுக்கலாமென்று அவளுக்குப் பின்னால் குனிந்து நின்றாள். அந்தப் புள்ளி எங்களுக்குக் கிடைத்ததா இல்லையா என்பது நினைவில்லை. அந்தப் பெரியவளின் நிலை நினைவிருக்கிறது.

நாங்கள் விலகுவதில்லை. “உம்மா, இண்டைக்குக் கறி நான் ஆக்கிறன்” என்று மகள் சொன்னால், உப்பைக் கூட்டிப்போடுவாய் என்று அகப்பையை வாங்குகிறோம். மகன் பத்திர வேலையைப் பார்க்கிறேன் என்றால் வாப்பா பின்னாலேயே கச்சேரிக்குப் போகிறார். பிறகு அறுபது வயதில், என் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று பள்ளிவாசல் திண்ணையில் இருந்து குறை சொல்கிறார். அவன் கேட்டான், வாப்பா. நீங்கள் குறுக்கே வந்து எடுத்தீர்கள்.

கரப்பந்தில் ஒவ்வொரு முறை சேர்விஸ் திரும்பக் கிடைக்கும்போதும் ஆறு பேரும் ஒரு இடம் சுற்ற வேண்டும். முன்வரிசையில் அடித்துக்கொண்டிருந்தவள் பின்னால் போவாள். விரும்பினால் போகலாம் என்பதல்ல, போகாவிட்டால் புள்ளி போகும். வயது போன எங்களுக்கு இப்படி விசில் ஊத யாருமில்லை. நாங்களாகத்தான் நகர வேண்டும்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பயிற்சி மஃரிபுக்கு முன் முடியும். அதுவரைக்கும் மைதானத்தில் இருந்து பிள்ளைகளை வீடு சேர்க்கப் பெரிய ஆள் ஒருத்தர் வேண்டும் என்றார் அதிபர். எல்லா உம்மாமாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாராவது சொல்வார்கள் என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள். பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, “செவ்வாய்க்கிழம நான் வாறன் சேர்” என்றாள். அதற்குப் பிறகு திங்களுக்கும் புதனுக்கும் ஆள் கிடைத்தது. வியாழக்கிழமைக்கு ஒருத்தரும் வரவில்லை. முட்டுக்கால் நோவோடு அதை நான் எடுத்திருக்கிறேன். மழைக்காலம் வரைக்கும் தாங்கும். அதற்குள் வேறு ஒருத்தர் கேட்டுக்கொண்டு வந்தால் மறுக்காமல் கொடுத்துவிடுவேன்.