அப்பாவின் சிவப்புத் தழும்பு

எண்பதுகளில் கல்லூரி ஒளியியல் ஆய்வகத்தில் இருந்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தின் பாசிட்டிவையும் நெகட்டிவையும், நுண்கோடுகள் வெவ்வேறு திசையில் ஓடும்படி ஒரே ஃபிலிமில் பதிவோம். வெள்ளை ஒளி அதில் புகுந்து லென்ஸைக் கடந்ததும் இரண்டின் ஒளியும் தனித்தனி இடங்களில் விழும். ஒன்றில் சிவப்பு ஃபில்டர், மற்றதில் பச்சை. அடுத்த லென்ஸ் சேர்த்துவைத்தால் கலர் படம். கம்ப்யூட்டரே வேண்டாம்!

அப்பாவின் மார்பு எக்ஸ்ரேயை இப்படிக் கலராக்கி, போட்டோ எடுத்து ஆசையாகக் காட்டினேன். பழைய காசநோய்த் தழும்பு சிவப்பாக இருந்தது.

"இன்னும் ரத்தமாடா?" முகம் வெளிறிவிட்டது.

சிவப்பு நான் வைத்ததுதான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் ஃபில்டர்களை இடம் மாற்றினேன். தழும்பு பச்சையானது.

"ஆறிடுச்சு போலிருக்கே" என்றார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.