காஞ்சனபுரியில் ஒரு பெயரைத் தேடி

பாங்காக்கின் தொன்புரி நிலையத்தில் காலை ரயிலில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் காஞ்சனபுரி. பெரும்பாலோர் வருவது க்வாய் நதிப் பாலத்தைப் பார்க்க. சினிமா தந்த புகழ் அது. பாலத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை தெரிய வேண்டுமானால், ஊருக்குள் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். சீராக வெட்டிய புல்வெளியில் சுமார் 7,000 போர்க் கைதிகள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி.

நான் தேடிப்போன பெயர் அங்கே கிடையாது. என் அம்மாவின் பெரியப்பா சிப்பாய் அல்ல. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மலாயாவின் பேராக்குக்குப் பால் வெட்டப் போனவர். 1943-ல் ஜப்பானியர் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு அனுப்பியபோது அவரும் போனார். கூடப் போய்த் திரும்பிய ஒருவர், மழைக்காலத்தில் காலராக் கொட்டகையில் அவரைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் செய்தி. ஊரில் இருந்த அவர் மனைவி அதை ஏற்கவில்லை. கருமாதி செய்ய விடவில்லை. 1979-ல் கண்மூடும்வரை நெற்றியில் குங்குமம் இருந்தது.

சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் 415 கி.மீ. 1943 அக்டோபரில் முடிந்தது. வேலை வாங்கப்பட்ட சுமார் 60,000 போர்க் கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், பர்மியர் என்று ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை என்பது மதிப்பீடு.

கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள். யாரை எங்கே புதைத்தோம் என்று ஒளித்து ஒளித்துக் குறித்து வைத்தார்கள். அதைக் கொண்டு 1945-ல் ஒரு குழு பாதை நெடுகப் போய், 144 இடங்களில் 10,000-க்கு மேற்பட்ட குழிகளைக் கண்டுபிடித்தது. கூலிகளுக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை. காலரா முகாம்களில் கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். 1990-லும் காஞ்சனபுரியில் ஒரு பொதுக் குழியிலிருந்து நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன.

பாலத்தருகே ஜப்பானிய ராணுவம் 1944-ல் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. வேலை வாங்கியவர்களே வைத்த கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று. கல்லறைத் தோட்டத்துக்கு அருகே வாட் தாவோன் கோயில். அங்குள்ள தூபியின் அடியில், பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழர்களின் முயற்சியால் 2023-ல் அந்த வளாகத்தில் ஒரு நடுகல் எழுந்தது.

"எங்கேயாவது அவர் பேரைப் போட்டுட்டு வா" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். ஆனால் அந்தத் தூபி எல்லோருக்கும் உரியது. அவர் அதனடியில்தான் இருக்கிறார் என்று யார் சொல்ல முடியும்? 415 கிலோமீட்டரில் எங்கேயும் இருக்கலாம். ஒரு ஊதுபத்தி கொளுத்தி, அவர் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொன்னேன். கல்லில் எதையும் கீறவில்லை.

பெயர்க்கல்லை ஊரில் வைப்பது என்று முடிவானது. பெயர், தகப்பனார் பெயர், ஊர், போன தோட்டம் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்து 'இறந்தவர்' என்று போடுவதா என்ற கேள்வி. அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "'சயாம் ரயில் பாதைக்குப் போனவர், 1943'ன்னு போடு. பெரியம்மாவும் அதை ஒத்துக்குவாங்க." அப்படியே வெட்டினோம். தெரிந்தது அவ்வளவுதான்.

கல் நட்ட அன்று, கேள்விப்பட்டு வந்த பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் சித்தப்பா பெயரையும் சொன்னார். அவரும் மலாயா போய்த் திரும்பாதவர். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே பெயர், ஊர், தோட்டம் மூன்றையும் எழுதி வாங்கிவிட வேண்டும். அந்தப் பாதையில் மாண்ட தமிழர்களின் பட்டியல் எழுதப்படவே இல்லை. வீடுகளில் மிச்சமிருக்கும் பெயர்கள்தான் பட்டியல். பெரியவரின் சித்தப்பா பெயரையும் எங்கள் நோட்டில் குறித்துக்கொண்டோம்.